முறை சொல்லாத ஊர்

எங்கள் ஊரில் நாய்க்குக்கூட முறை உண்டு. சென்னப்பன் வீட்டுக் கறுப்பு நாயை அந்த வீட்டுப் பிள்ளைகள் மாமா என்றுதான் கூப்பிடும். எனக்கு மட்டும் முறை கிடையாது. பன்னிரண்டு வருஷமாக என்னை யாரும் அக்கா என்றோ அத்தை என்றோ சின்னம்மா என்றோ அழைத்ததில்லை. நஞ்சம்மா என்பார்கள், அவ்வளவுதான். பல் முளைக்காததும் நஞ்சம்மா என்னும், பல் விழுந்ததும் நஞ்சம்மா என்னும். வாய் தவறி ஒரு பிள்ளை அத்தை என்றுவிட்டால் பெற்றவள் அதன் முதுகில் ஒன்று வைப்பாள்.

என்னவோ குற்றம் செய்து ஒதுக்கப்பட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லம்மா கோயில் அண்டாவுக்குத் துடுப்புப் பிடிப்பவள் நான். அதனால்தான் இப்படி.

கெம்பசந்திரத்தில் தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எல்லம்மாவுக்குக் களித் திருவிழா. மூன்று தெருக்காரர்களும் ராகி மாவு கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரே அண்டா, ஒரே துடுப்பு, ஒரே கை. ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கி எடுத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சாறு வைப்பார்கள். களி மட்டும் ஒருத்திதான் கிளற வேண்டும், அவள்தான் உருண்டை பிடித்துப் போட வேண்டும். எங்கள் மாமனார் காலத்தில் என்று எல்லோரும் சொல்வார்கள், எந்த மாமனார் என்று ஒருவருக்கும் தெரியாது, அந்தக் காலத்தில் துடுப்புப் பிடித்த ஒருத்தி தன் அண்ணன் வீட்டுக்குப் பெரிய உருண்டையாகப் போட்டாளாம். கோயில் வாசலிலேயே கொடுவாள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவனுக்குக் கை போயிற்று. அன்றைக்குக் கட்டியதுதான் இந்தக் கட்டுப்பாடு. துடுப்புப் பிடிப்பவளுக்கு ஊரில் சொந்தம் இருக்கக் கூடாது. யாரும் அவளை முறை வைத்துக் கூப்பிடக் கூடாது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவளை அழைக்கக் கூடாது. யார் வீட்டிலும் அவள் கை நனைக்கக் கூடாது.

ஆனால் அதற்கு ஒரு முடிவும் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு திருவிழா. பன்னிரண்டாவது திருவிழாவில் அண்டா காலியானதும் ஊர்க்கவுண்டர் எழுந்து, எந்த வீடு கூப்பிடுகிறது என்று மூன்று தரம் கேட்பார். ஏதாவது ஒரு வீடு அவளை முறை சொல்லிக் கூப்பிடும். அந்த நிமிடம் முதல் அவள் அந்த வீட்டு மனுஷி. எனக்கு முன்னால் துடுப்புப் பிடித்த செல்வம்மாள் மத்தூர்ப் பக்கத்துக்காரி. சென்னப்பன் வீடு அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டது. அவள் செத்தபோது சென்னப்பன் மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைத்தான். அந்த மொட்டையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். சாவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் எப்படிப்பட்ட தனிமையில் இருந்திருப்பாள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆனேக்கல் பக்கம். என் புருஷன் மத்திகிரி மாட்டுப்பண்ணையில் காளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சலில் போய்விட்டான். பிறந்த வீட்டில் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. ராகி அறுப்புக்கு ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லக் கெம்பசந்திரம் வந்தேன். வந்த மூன்றாம் மாதமே ஊர்க்கவுண்டர் நாராயணப்பன், யாருமில்லாதவள் நல்லபடியாகக் கிடைத்தாள் என்று துடுப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வருஷம்தானே என்று வாங்கிக்கொண்டேன். இருபத்தெட்டு வயதில் பன்னிரண்டு வருஷம் பெரிதாகத் தெரியவில்லை.

எனக்கும் ஒரு வீடு இருந்தது. கூப்பிடப்போகும் வீடு. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மாதம்மாள். என்னைவிட ஆறேழு வயது இளையவள். புருஷன் பெயர் சென்னகிருஷ்ணன், நல்லவன், ஊர் என்ன சொல்கிறதோ அதைத்தான் தானும் சொல்வான். சுவர் மேல் தலையை வைத்துக்கொண்டு மாதம்மாள் என்னோடு மணிக்கணக்காகப் பேசுவாள். முறை மட்டும் வராது. இரண்டாவது பிள்ளை பிறக்கும்போது வலியில் அவள் அக்கா என்று கத்தினாள். மருத்துவம் பார்த்த வெள்ளையம்மா அவள் வாயைப் பொத்தினாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் அதைக் கேட்டேன். அவளுக்கு அண்ணன் மட்டும்தான், அக்கா கிடையாது. அதனால் அது எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு கத்தலை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் ஓட்டினேன்.

பதினோராவது திருவிழாவுக்கு ஜீப் வந்தது. ராஜ்யங்களை மொழி பார்த்துப் பிரித்திருந்த புதிது. எங்கள் ஊர் மெட்ராஸ் பக்கமே நின்றுவிட்டது. எல்லையோரத்து ஊர்களின் திருவிழாக்களையும் அங்கே சமைக்கும் பண்டங்களையும் அரசாங்கம் எழுதி எடுக்கிறது என்று ஓசூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பெயர் ஜெபதுரை. தெற்கத்திக்காரர், வேதக்காரர், எங்கள் பேச்சு பாதிதான் அவருக்குப் புரிந்தது. மாவு எத்தனை படி, தண்ணீர் எத்தனை குடம், எத்தனை நாழிகை கிளற வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். உருண்டையை மென்று தின்னப் பார்த்தார். களியை மெல்லக் கூடாது, சாற்றில் புரட்டி விழுங்க வேண்டும் என்று நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார். யார் சமைப்பது என்று கேட்டார். நாராயணப்பன் என்னைக் காட்டினார்.

"இவளுக்கு யாருமில்லைங்க, சார். ஊருல ஒரு சொந்தம் கெடையாது. அதாங்க எங்க திருவிழாவோட பெருமையே."

கையெழுத்துத் தெரியாது என்றதும் அதிகாரி மை டப்பாவை நீட்டினார். கட்டை விரலை வைத்தேன். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் பெயர் மெட்ராஸ் வரைக்கும் போகிறது என்று சுவரைத் தாண்டி மாதம்மாளிடம் சொல்லிச் சிரித்தேன். அடுத்த வருஷம் நான் அவள் வீட்டில் இருப்பேன், பெயர் அங்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

அடுத்த மார்கழியில் உத்தரவு வந்தது. கெம்பசந்திரம் களித் திருவிழா அரசாங்கப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஓசூரிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் தனி பஸ். அதுவரைக்கும் பஸ் ஏற வேண்டுமானால் தேன்கனிக்கோட்டை ரோட்டுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். தண்டோரா போட்டார்கள். வெங்கடப்பன் வாத்தியார் உத்தரவை நான்கு தரம் படித்துக் காட்டினார். பஸ் திரும்புவதற்காகப் புளியமரத்தடி மேட்டை வெட்டிச் சமன் செய்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்களின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடுதான் நாராயணப்பன் வீட்டு வாசலில் போய் நின்று, இந்த வருஷம் பன்னிரண்டு என்று நினைவுபடுத்தினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உன் ரேகை கவருமெண்டுல கெடக்குது, நஞ்சம்மா. ஒருக்கா வெச்சா எடுக்க முடியுமா? நெலத்துக்கு வெச்சவனுக்கு நெலம் போவுது. நீ துடுப்புக்கு வெச்சிருக்கற."

அப்புறம் விளக்கமாகவும் சொன்னார். யாருமில்லாத நஞ்சம்மா சமைப்பது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நாளைக்கு வேறொருத்தி நின்றால் ஊர் பொய் சொல்லிவிட்டது என்பார்கள். பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். பஸ் போய்விடும். நான் இருக்கிற வரைக்கும் துடுப்பு என் கையில்தான். ஊரும் கூடிப் பேசி அதுவே சரி என்றது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எல்லம்மாவிடம் உள்ள பயத்தைவிடக் கட்டை விரல் மையிடம் பயம் அதிகம். ரேகை வைத்ததை மாற்றிக் காட்டிய ஒருவனை அவர்கள் பார்த்ததில்லை.

அன்றைக்கு மாதம்மாள் சுவர்ப் பக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் விடியலில் புறப்பட்டு ஓசூருக்கு நடந்தேன். ஒன்பது மைல். ராகித் தாள் மேலெல்லாம் பனி வெள்ளையாகக் கிடந்தது. தாலுகா கச்சேரியில் சேவகன் இரண்டு தரம் விரட்டினான். மூன்றாம் தரம் ஜெபதுரையே வெளியில் வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. களி விழுங்கும் வித்தையை வீட்டில் சொல்லிச் சிரித்தேன் என்றார். என் ரேகையை அடித்துவிடுங்கள் என்று நேராகக் கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். இந்தத் தரம் அவர் ஒன்றும் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தரம், இப்போது உங்களுக்கு யாருமே இல்லையா என்று கேட்டார்.

"அடுத்த மாசம் இருப்பாங்க," என்றேன்.

உள்ளே போய் ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்து பிரித்தார். மெட்ராஸிலிருந்து வந்த பட்டியலில் எங்கள் ஊர் இருந்த இடத்தை விரல் வைத்துப் படித்தார். கெம்பசந்திரம் எல்லம்மன் களித் திருவிழா, தை கடைசி வெள்ளி, ராகிக் களியும் அவரைச் சாறும், ஊரார் கூடிச் சமைப்பது. அவ்வளவுதான். என் பெயர் இல்லை. யார் சமைப்பது என்று மெட்ராஸ் கேட்கவே இல்லையாம். அவராக ஆசைப்பட்டு எழுதிக்கொண்டது அது. நான் ரேகை வைத்த தாள் அதே காகிதக் கட்டின் அடியில் கிடந்தது, எங்கும் போகவில்லை. சொல்லும்போது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

எனக்கு உயிர் வந்தது. கூடவே கொஞ்சம் வலிக்கவும் செய்தது. பதினோரு வருஷம் தோள் கழன்று விழும்படி நான் ஒருத்தி கிளறினேன், ஊரார் கூடிச் சமைத்தார்களாம். பரவாயில்லை என்று மனத்தை அடக்கினேன். பெயர் இல்லாவிட்டால்தான் எனக்கு வழி. ஜெபதுரை ஒரு கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். சமைப்பவர் யார் என்பது ஊரின் இஷ்டம், மாற்றினால் அரசாங்கத்துக்கு ஆட்சேபம் ஏதுமில்லை, பஸ்ஸும் விடுமுறையும் உத்தரவுப்படியே நடக்கும். அதை மடியில் முடிந்துகொண்டு ஒன்பது மைலும் திரும்பி நடந்தேன். கால் வலித்ததாக நினைவில்லை.

அந்தக் கடிதத்தை உடனே காட்டாதது என் புத்தி. நாராயணப்பன் கையில் தனியாகக் கொடுத்தால் அது அவர் வெற்றிலைப் பெட்டிக்குள் போய்விடும். மாதம்மாளிடம் மட்டும் சுவரோரம் நின்று சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டு உள்ளறையில் இடம் இருக்கிறது, கிழக்குப் பக்கம் படுத்துக்கொள்ளலாம், ஜன்னலில் காற்று வரும் என்றாள். அது போதும் எனக்கு. திருவிழா வரைக்கும் நான் தூங்கும்போதெல்லாம் கிழக்குப் பக்கம் பார்த்துத்தான் படுத்தேன்.

திருவிழாவன்று பஸ் வந்தது. முன்னால் வாழைமரம் கட்டி, மேலேயும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. ஓசூர், மூக்கண்டப்பள்ளி, ஆனேக்கல் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள். கன்னடம் ஒரு பக்கம், தெலுங்கு ஒரு பக்கம், வரிசை புளியமரம் வரைக்கும் நின்றது. ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அவரைப் பருப்பைப் பிதுக்கிக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்தார்கள். நான் எப்போதும் போல அண்டாவோடு தனியாக நின்றேன். தண்ணீர் கொதித்தது, மாவைக் கொட்டினேன், துடுப்பை இறக்கினேன். அந்த வருஷக் களி போல ஒரு களி நான் கிளறியதில்லை. கட்டி தட்டவில்லை, அடி பிடிக்கவில்லை, உருண்டை கையில் ஒட்டாமல் வந்தது. கடைசித் தடவை என்று தெரிந்தால் கைக்கும் ஒரு நிதானம் வந்துவிடுகிறது.

உச்சிவெயில் சாய்ந்தபோது அண்டா காலியானது. நான் மடியிலிருந்த கடிதத்தை எடுத்து வெங்கடப்பன் வாத்தியார் கையில் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னேன். படித்தார். முத்திரையைத் தூக்கிக் காட்டினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. நாராயணப்பன் கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், கேட்கிறேன் என்றார். கேட்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சேர்த்தார்.

"இவளைக் கூப்புடற வீடு, அடுத்து துடுப்புப் புடிக்க யாருமில்லாத ஒருத்தியைக் கொண்டாந்து நிறுத்தணும். நிறுத்தலேன்னா திருவிழா நின்ன பாவம் அந்த வீட்டுது. யாரும் கூப்புடலேன்னா துடுப்பு இவகிட்டயே."

அப்படி ஒரு நிபந்தனை அதுவரைக்கும் கிடையாது. செல்வம்மாளுக்கு வைக்கவில்லை. துடுப்புக்கு ஆள் தேடுவது ஊர்க்கவுண்டர் வேலை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் புளியமரத்தடியில் நின்ற அந்தப் பஸ்ஸை எல்லோரும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

எந்த வீடு கூப்பிடுகிறது என்று முதல் தரம் கேட்டார். மாதம்மாள் இரண்டாவது வரிசையில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் தரம் கேட்டார். அவள் சென்னகிருஷ்ணனைப் பார்த்தாள். அவன் ஊரைப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் கூட்டத்துக்கு நடுவில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"மாதம்மா, நான் இங்கதான் நிக்கறேன்."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது பொய்க் கண்ணீர் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். உதடு பிரிந்தது.

"இன்னும் கொஞ்ச வருசம் பொறுத்துக்கயேன், நஞ்சம்மா," என்றாள்.

நாராயணப்பன் மூன்றாம் தரமும் கேட்டார். அதை நான் சரியாகக் கேட்கவில்லை. அவள் சொன்ன என் பெயரே காதில் நின்றது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். அவள் வராமலே இருந்திருக்கலாம், ஓடிப்போயிருக்கலாம், மௌனமாகக்கூட இருந்திருக்கலாம். எதிரில் நின்று, அழுதுகொண்டு, பெயர் சொன்னாள்.

துடுப்பை அண்டா மேல் குறுக்காக வைத்தேன். கையில் காய்ந்திருந்த மாவைக் கழுவினேன். எல்லம்மாவைக் கும்பிட்டேன், அவளும் ஊர்க்காரிதான், அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு புளியமரத்தை நோக்கி நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. கோபமாகக் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்புவாள் என்று இருந்தார்கள். எனக்குப் போக இடமில்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம், அதுதானே அவர்கள் திருவிழாவின் பெருமை.

பஸ் புறப்படும் நேரம். களி தின்ற வெளியூர் ஜனங்கள் முண்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் அதற்கு முன்னால் பஸ்ஸில் ஏறியதே இல்லை. கம்பியைப் பிடித்துப் படியில் கால் வைத்து உள்ளே தலையை நீட்டினேன். நகர இடமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் கண்டக்டர், காக்கிச் சட்டை போட்ட சின்ன வயசுக்காரன், மரப்பலகையைத் தட்டிக்கொண்டு கத்தினான்.

"உள்ள போக்கா. வழியில நிக்காதக்கா."

யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். அவனைத் தவிர எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். நான் நகர்ந்தேன். ஜன்னலோரம் கூடையோடு இருந்த ஒருத்தி கூடையை மடிக்கு எடுத்துக்கொண்டு, இப்படி உக்காருக்கா என்றாள். அவள் எந்த ஊர், என்ன பெயர், ஒன்றும் தெரியாது. உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு வருஷம் நான் தவம் கிடந்தது இந்தப் பஸ்ஸில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கிடைக்கிறது. அது தெரிந்ததும் அடக்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. திருவிழாவிலிருந்து திரும்புகிற பஸ், அம்மன் இன்னும் மலையேறவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கூடைக்காரி மட்டும் எனக்கு நெற்றியில் கொஞ்சம் திருநீறு பூசிவிட்டாள்.